முதன்முதலாக இத்தாலிக் கடற்கரைக்கு: கொழும்பிலிருந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சொந்தக்காரர், கூட வேலை செய்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் இத்தாலிப் பயணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதிலும் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே ஒரு எண்ணம்தான்: உங்களுக்கு உண்மையில் என்ன பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், விசா வேலை அப்புறம். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால் காசு கட்டும் நாளில் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கடல் எங்கட வீட்டுக்குப் பின்னாலயே கிடக்கு. கடல் பார்க்க ஏன் இத்தாலிக்குப் போகோணும்?

நியாயமான கேள்வி. அங்கே கடல் மட்டுமல்ல, கடலோடு ஒட்டி வளர்ந்த ஊர்களும் இருக்கின்றன. காலையில் மீன் சந்தை, மத்தியானம் குளிப்பு, மாலையில் ஆயிரம் ஆண்டுப் பழைய தேவாலயப் படியில் ஒரு நடை. இவை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் அமைவது இத்தாலியின் சிறப்பு. இன்னொன்று, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் எங்கள் கொழும்புக் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அதே மாதங்களில்தான் மத்தியதரைக் கடல் அமைதியாக இருக்கும்.

எந்த மாதம் போனா நல்லது? பிள்ளைகளுக்கு ஓகஸ்ட்லதானே லீவு.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டுமென்றால் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் கடைசி வரை. மே மாதம் வெயில் அருமையாக இருக்கும், ஆனால் தண்ணீர் 18, 19 பாகைதான். எங்கள் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அது நடுக்கும் குளிர். என்னைக் கேட்டால் செப்டெம்பர்: தண்ணீர் கோடை முழுக்கச் சூடேறியிருக்கும், கூட்டம் குறையும், அறை வாடகையும் இறங்கும்.

ஓகஸ்ட் தவிர வேறு வழியில்லை என்றால் ஓகஸ்ட் 15-ஐச் சுற்றியுள்ள வாரத்தையாவது விலக்குங்கள். பெர்ரகோஸ்தோ என்ற அந்த விடுமுறைக்கு இத்தாலியர்களே கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். விலை உச்சத்தில் நிற்கும், நகரங்களில் பல சிறிய கடைகள் பூட்டியிருக்கும்.

வெனிஸ், புளோரன்ஸ், ரோம், அமால்ஃபி, சிசிலி எல்லாத்தையும் பத்து நாளில பார்த்திடலாமோ?

பார்க்கலாம், ரயில் ஜன்னலால். ஒவ்வொரு ஊர் மாற்றத்துக்கும் பெட்டி கட்டி, அறையை ஒப்படைத்து, ரயில் பிடித்து, புது அறையைத் தேடிச் சேர அரை நாள் போய்விடும். ஐந்து ஊர் என்றால் இரண்டரை நாள் வீதியிலேயே கழியும். பத்து நாளுக்கு ஒரு பெரிய நகரமும் ஒரு கரையும் போதும். ரோமில் மூன்று இரவு, மிச்சம் முழுவதும் கடலோரம். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடலோர ஊரின் அழகு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தெரியத் தொடங்கும்.

சரி, ஒரு கரை எண்டா எந்தக் கரை?

பதில் உங்களோடு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நேப்பிள்ஸ் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நேப்பிள்ஸிலிருந்து சொரெந்தோ போகும் சின்ன ரயில் வழியில் பொம்பெய் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய நகரம் அது. காப்ரி, இஸ்கியா, புரோசிதா தீவுகளுக்குப் படகு உண்டு. அமால்ஃபிக் கரையில் வீதி மிகவும் ஒடுக்கம், கோடையில் பஸ் நிரம்பி வழியும். சலேர்னோவிலிருந்து படகில் போவதே நிம்மதி. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்தக் கரை முழுக்கப் படிகளும் கூழாங்கற்களும். முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போக உகந்த இடமல்ல.

வடமேற்கில் லிகூரியா, அங்கே சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து மலைக் கிராமங்கள். லா ஸ்பெத்சியாவிலிருந்து ரயில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றிலும் நிற்கும். இளம் சோடிகளுக்கும் நடக்கப் பிரியமுள்ளவர்களுக்கும் ஏற்றது. அதில் கொர்னீலியா என்ற ஊருக்கு ரயில் நிலையத்திலிருந்து 380-க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும்.

தென்கிழக்கில் புலியா மாகாணம் இருக்கிறது. பாரி, பொலிஞ்ஞானோ, மொனோபொலி மூன்றும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. நிலம் தட்டை, இன்னும் தெற்கே சலெந்தோவில் நல்ல மணல்.

சிசிலி எனக்குப் பிடித்த கரை. பலேர்மோவில் தங்கி பஸ்ஸில் மொந்தெல்லோ கடற்கரைக்குப் போகலாம். சுமார் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் செஃபலூ: மணல் கரை, அதற்கு மேலே 1131-இல் கட்டத் தொடங்கிய நோர்மன் பேராலயம். கிழக்கே போனால் சிராகூசா, தவோர்மினா, எட்னா எரிமலை. அதோடு பலேர்மோவில் 1980-கள் முதலே எங்கள் ஆட்கள் குடியேறி வாழ்கிறார்கள். பல்லரோ சந்தைப் பக்கம் நடந்தால் தமிழ் காதில் விழும், தமிழ்க் கடையில் மிளகாய்த்தூளும் கிடைக்கும். முதல் பயணத்துக்கு, அதுவும் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு, ரோம் மூன்று இரவு, பிறகு பலேர்மோ, செஃபலூ என்றுதான் சொல்வேன்.

ஏஜென்ட் இல்லாம நாங்களே விசாவுக்குப் போடலாமோ?

தாராளமாக. இத்தாலித் தூதரகம் கொழும்பிலேயே இருக்கிறது. சுற்றுலா விண்ணப்பங்களை அதன் சார்பில் விஎஃப்எஸ் என்ற தனியார் விண்ணப்ப நிலையம் வாங்குகிறது. முன்பதிவு செய்து நேரில் போய்க் கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சிலவேளை 45 நாள் வரை போகும். கோடைக்கு முன்பதிவு நேரங்கள் வேகமாக முடிந்துவிடும், ஆகவே மூன்று மாதம் முன்னரே தொடங்குங்கள்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் எடுத்ததாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு இன்னும் 3 மாதம் செல்லுபடியாகக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முழுவதற்கும். சின்னப் பிள்ளைகளின் விண்ணப்பத்துக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும்.

ஏஜென்ட் வைத்தால் படிவம் நிரப்பித் தருவார். விசா தருவது அவர் அல்ல. “நிச்சயம் எடுத்துத் தாறன்” என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

பாங்கில எவ்வளவு காசு காட்டோணும்? மாமாட்ட வாங்கிப் போட்டால் போதாதோ?

இத்தாலியிடம் இதற்கு எழுதிவைத்த அட்டவணையே உண்டு. 2000-ஆம் ஆண்டு உத்தரவின்படி 6 முதல் 10 நாள் தங்கும் தனி ஆளுக்கு நாளொன்றுக்கு 44.93 யூரோ, இருவர் அல்லது கூடுதலானோர் சேர்ந்து போனால் ஆளுக்கு 26.33 யூரோ. இது மிகக் குறைந்தபட்சம். இன்றைய விலைவாசியில் இதைக் கொண்டு அறையும் சாப்பாடும் சமாளிக்க முடியாது, ஆகவே நிஜமான செலவைக் கணக்குப் போட்டு அதற்கு மேலே கொஞ்சம் வைத்திருங்கள்.

தொகையை விட முக்கியம் அது வந்த வழி. மாதாமாதம் சம்பளம் விழுந்து, செலவு போய், மீதி சேர்ந்திருக்கும் கணக்கு நம்பிக்கை தரும். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று விழுந்த பெரிய தொகை சந்தேகம்தான் தரும். உண்மையிலேயே மாமாதான் செலவை ஏற்கிறார் என்றால் அதை மறைக்காமல் அவருடைய கடிதம், அவருடைய கணக்கு விவரம் இரண்டையும் வைத்துச் சொல்லுங்கள். வேலையிடத்து விடுமுறைக் கடிதம், சம்பளப் பட்டியல், சொந்தத் தொழில் என்றால் வணிகப் பதிவு, காணி உறுதி, படிக்கும் பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் எல்லாம் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று சொல்லும் தாள்கள்.

விசா கிடைக்க முதலே டிக்கெட் எடுக்கோணுமோ?

முழுக் காசு கட்டி, திரும்பப் பெற முடியாத டிக்கெட் எடுக்க வேண்டாம். முன்பதிவுத் தாள் போதும். அறைகளையும் இலவசமாக ரத்துச் செய்யக்கூடியதாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் போகாத ஊரில் அறை போடாதீர்கள். திட்டத்தை முதலில் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்: தங்குமிடம், ரயில், நாள் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் உங்கள் கோப்பு தானாகவே தெளிவாகப் பேசும்.

பரிஸில அண்ணா இருக்கிறார். இத்தாலி விசா லேசெண்டு அதை எடுத்திட்டு பரிஸிலேயே நிக்கலாமோ?

கூடாது. எந்த நாட்டில் கூடுதல் இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சம அளவு என்றால் முதலில் கால் வைக்கும் நாட்டிடம். இத்தாலியில் ஏழு இரவு, பரிஸில் மூன்று இரவு என்றால் இத்தாலி விசாவோடு தாராளமாகப் போய் வரலாம், அதையும் திட்டத்தில் எழுதுங்கள். 29 ஷெங்கன் நாடுகளுக்கும் ஒரே விசாதான். லண்டன் அதற்குள் வராது.

பலேர்மோவில சித்தி வீட்டில நிப்பம். ஹோட்டல் புக்கிங்குக்குப் பதிலா என்ன காட்டுறது?

சித்தி தனது கையொப்பத்தோடு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், அதோடு அவருடைய அடையாள அட்டை அல்லது வதிவிட அனுமதியின் பிரதி. நீங்கள் போய்ச் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் அவர் அங்குள்ள பொலிஸ் அதிகாரிகளுக்கு உங்களைப் பற்றி எழுத்தில் அறிவிக்க வேண்டும். இது இத்தாலியச் சட்டம், பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நேராக இத்தாலியில் இறங்காமல் பிராங்க்பேர்ட் அல்லது சூரிச் வழியாக வந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 8 நாளுக்குள் நீங்களே குவெஸ்தூரா எனப்படும் பொலிஸ் தலைமை அலுவலகத்தில் வருகையைப் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஹோட்டலே அதைப் பார்த்துக்கொள்ளும்.

எந்த வழியா பறக்கிறது? ட்ரான்சிட் விசா தேவையோ?

டோஹா, துபாய், அபுதாபி, இஸ்தான்புல் வழியாக ரோமுக்கோ மிலானுக்கோ போவது வழமை. விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவரை இந்த இடங்களில் விசா தேவையில்லை. இத்தாலி நேரம் கோடையில் எங்களை விட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை.

சிசிலிக்குப் போகிறவர்கள் ரோமிலிருந்து விமானமும் எடுக்கலாம். எனக்கு ரயில்தான் விருப்பம். வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைப் பிரித்து அப்படியே கப்பலுக்குள் ஏற்றுவார்கள், மெசினா நீரிணையைக் கடந்ததும் மறுபடி தண்டவாளத்தில் இறக்குவார்கள். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள். நேப்பிள்ஸிலிருந்து பலேர்மோவுக்கு இரவுக் கப்பலும் உண்டு.

கறிவேப்பிலை, மாம்பழம், கருவாடு கொண்டு போகலாமோ பிள்ளை?

அம்மாமாரின் முதல் கேள்வியே இதுதான். இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது. மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை போன்றவை தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போனால் பறித்து வீசுவார்கள். வாழைப்பழம், அன்னாசி, தேங்காய்க்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். கருவாடும் மாசியும் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை அனுமதி, நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். அரைத்த தூள் வகைகளுக்குப் பிரச்சினை இல்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் சாப்பிடுறேல்லை. அங்க என்ன சாப்பிடுறது?

மரக்கறிக்காரருக்கு இத்தாலி கஷ்டமான நாடல்ல. மரினாரா பீட்சாவில் தக்காளி, உள்ளி, எண்ணெய் மட்டும்தான். உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் போட்ட பாஸ்தா எங்கும் கிடைக்கும். பலேர்மோவில் பனெல்லே சாப்பிடுங்கள்: கடலை மாவைக் கிண்டி, தட்டையாக வெட்டி, பொரித்து, பாணுக்குள் வைத்து எலுமிச்சம்புளி விட்டுத் தருவார்கள். கத்தரிக்காயில் செய்யும் கபொனாத்தா புளிப்பும் இனிப்புமாக எங்கள் நாக்குக்கு நன்றாகவே ஒத்துவரும். “சென்சா கார்னே, சென்சா பெஷே” என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

கடும் சைவக்காரர் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பார்மெசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கப்படுவது. அரஞ்சினே என்ற சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், வெண்ணெய் வகை என்று சொன்னாலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம்.

ஹலால் சாப்பாடு கிடைக்குமா? பீட்சாவில பன்றி இருக்கா எண்டு எப்படித் தெரியும்?

ரோமில் தெர்மினி நிலையத்துக்குப் பக்கத்திலும் பலேர்மோவில் பல்லரோவிலும் ஹலால் கடைகள் உண்டு. உணவுப் பட்டியலில் புரொஷூத்தோ, பஞ்செத்தா, குவான்சாலே, சலாமே, ஸ்பெக் என்று கண்டால் எல்லாம் பன்றி. கர்பொனாரா பாஸ்தாவிலும் அது உண்டு. கடலோர ஊரில் மீன் இருக்கும்போது கவலை குறைவு, வைன் விட்டுச் சமைத்ததா என்று மட்டும் கேளுங்கள்.

சாப்பாட்டுக் கடையில சொன்ன விலையை விட பில் கூட வருதாமே?

அது கொப்பெர்தோ, மேசைக் கட்டணம். ஆளுக்கு ஒன்று முதல் மூன்று யூரோ வரை, உணவுப் பட்டியலிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை. கோப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. தங்குமிடத்திலும் ஆளுக்கு, இரவுக்கு என்று ஊர் வரி ஒன்று தனியாக வாங்குவார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தலுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

ரயில் டிக்கெட் இருந்தும் தண்டம் கட்ட வைச்சாங்களாம். ஏன்?

உள்ளூர் ரயிலுக்கு எடுத்த கடதாசி டிக்கெட்டை ஏறுவதற்கு முன் மேடையிலுள்ள இயந்திரத்தில் விட்டு முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் டிக்கெட் இல்லாத மாதிரித்தான். போனில் எடுத்த உள்ளூர் டிக்கெட் என்றால் ஏறுமுன் செக்-இன் செய்ய வேண்டும். அதிவேக ரயிலுக்கு இது தேவையில்லை, அதில் ஆசனமும் நேரமும் ஏற்கெனவே குறித்திருக்கும்.

வேலைநிறுத்தமும் அங்கே அடிக்கடி வரும், ஆனால் நாளை முன்னரே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய ரயில்கள் ஓடும். விமானம் பிடிக்கும் நாளில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள்.

கடற்கரைக்குப் போகவும் காசாமே! உண்மையோ?

பாதி உண்மை. லீதோ என்ற தனியார் பகுதிகளில் குடையும் சாய்கதிரையும் வாடகைக்கு. பக்கத்திலேயே ஸ்பியாஜ்ஜா லீபெரா என்ற இலவசக் கரை இருக்கும், துவாயை விரித்து இருக்கலாம். குளிப்பு உடையோடு ஊருக்குள் நடக்காதீர்கள். சொரெந்தோவில் 2022 முதல் அதற்கு 500 யூரோ வரை தண்டம். சார்டினியாத் தீவில் மணலோ கல்லோ சிப்பியோ அள்ளி வருவதும் குற்றம். சிவப்புக் கொடி கண்டால் இறங்க வேண்டாம்.

அம்மாவுக்கு அந்தோனியார் கோயிலுக்குப் போகோணுமாம். அது எங்க?

செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர்கள் மதம் பார்க்காமல் கேட்கும் கேள்வி இது. அந்தோனியார் லிஸ்பனில் பிறந்து 1231-இல் பதுவாவில் இறந்தவர். அவருடைய கல்லறையும், அழியாத நாவும் பதுவாப் பேராலயத்தில் இருக்கின்றன. வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பதுவாவில் தங்கி வெனிஸுக்கு ஒரு நாள் போய் வந்தால் அறைச் செலவு குறையும், ஆனால் சில நாட்களில் வெனிஸ் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.

சிசிலிக்குப் போகிறவர்களுக்கு பலேர்மோவில் சாந்தா ரொசாலியா. 1624-இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று நம்பப்படும் புனிதை. பெல்லெக்ரீனோ மலைக் குகையிலுள்ள அவருடைய கோயிலுக்கு அங்குள்ள தமிழர்கள், சைவர்களும் கத்தோலிக்கரும் சேர்ந்தே, ஏறிப் போகிறார்கள். பஸ்ஸும் போகும். எந்தத் தேவாலயத்துக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், ஒரு சால்வை பையில் இருக்கட்டும்.

கார் எடுத்து ஓடலாமோ?

இலங்கை லைசென்ஸோடு சர்வதேச அனுமதிப் பத்திரமும் வேண்டும். வலப்பக்கம் ஓட வேண்டும். பழைய நகர்ப் பகுதிகளுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் கமரா படம்பிடித்துத் தண்டம் பின்னால் வந்து சேரும். நான் மேலே சொன்ன ஊர்களுக்குக் கார் தேவையில்லை.

விசாவில தேதி 25 நாளுக்கு இருக்கு, ஆனா “10 நாள்” எண்டும் போட்டிருக்கு. எதைக் கணக்கில எடுக்கிறது?

இரண்டையும். அந்த 25 நாள் எல்லைக்குள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஆனால் உள்ளே நிற்கக்கூடியது 10 நாள் மட்டும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள். ஒருமுறை நுழைவு விசா என்றால் லண்டனுக்குப் போய்விட்டுத் திரும்ப உள்ளே வர முடியாது. வத்திக்கானுக்குப் போவது வெளியேறுவதாகாது.

2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு கட்டம் கட்டமாக வந்தது. ஒரு நாள் கூட நின்றாலும் அது தானாகவே தெரியும், அடுத்த விசாவைப் பாதிக்கும். எடியாஸ் என்று பேசப்படும் பயண முன் அனுமதி விசா தேவையில்லாத நாட்டவருக்கு, எங்களுக்கு அல்ல.

ஒருக்கா ரிஜெக்ட் ஆனா திரும்பப் போடலாமோ?

போடலாம், காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. கட்டிய காசு திரும்பாது. மறுப்புத் தாளில் காரணம் குறித்திருப்பார்கள், அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லாமல் அதே கோப்பை மீண்டும் கொடுப்பதில் பயனில்லை. பெரும்பாலும் குறிக்கப்படுவது பயண நோக்கம் தெளிவில்லை, அல்லது திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை இல்லை என்பது. முதலாவதற்குத் திட்டத்தையும், இரண்டாவதற்கு வங்கிக் கேள்வியில் சொன்ன தாள்களையும் பலப்படுத்துங்கள். ரோமிலுள்ள நிர்வாக நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யவும் வழி உண்டு, ஆனால் அதற்கு அங்கே வக்கீல் வைக்க வேண்டும். சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு மறுபடி விண்ணப்பிப்பதே மலிவு.

வேறு ஷெங்கன் நாட்டிடம் போட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள். எல்லோரும் பார்ப்பது ஒரே தரவுத்தளம், பதிவு 5 ஆண்டு இருக்கும். கேட்டால் உள்ளதைச் சொல்லி, இந்த முறை என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி வையுங்கள்.